வலிக்கு ஒரு பட்டன்

அந்த வார்டில் அவளுக்கு 'மறுபடியும்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் கழுத்தில் தொங்கும் அட்டையில் மட்டும் இருந்தது. நோயாளியிடம் எதைச் சொன்னாலும், "எங்க, நான் சொன்னதை மறுபடியும் சொல்லுங்க" என்று கேட்காமல் விட மாட்டாள். டாக்டர் போனில் மருந்தின் அளவைச் சொன்னாலும் அதே கதைதான். அவர் சொன்னதை இவள் திருப்பிச் சொல்லி, அவர் சரி என்ற பிறகே போனை வைப்பாள். புதிதாக வந்த டாக்டர்கள் ஆரம்பத்தில் பல்லைக் கடிப்பார்கள். கொஞ்ச நாள் போனதும், போனை எடுத்தது இவள் என்று தெரிந்தாலே நிறுத்தி நிதானமாகச் சொல்லப் பழகிக்கொள்வார்கள்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. "நீங்கதானே இன்னார்?" என்று அவள் யாரையும் கேட்டதில்லை. அப்படிக் கேட்டால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். காது கேட்காதவர் ஆமாம் என்பார். தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் ஆமாம் என்பார். ஊசியைக் கண்டு பயந்தவர் கேள்வி முடியும் முன்பே இரண்டு தரம் ஆமாம் என்பார். அந்த ஆமாமை நம்பி மருந்து கொடுத்தால் அடுத்த கட்டில்காரரின் மாத்திரை இவர் வயிற்றுக்குள் போய்விடும். அதனால் "உங்க பேரு என்ன?" என்றுதான் கேட்பாள். "நேத்துதானேம்மா சொன்னேன்" என்று அலுத்துக்கொள்கிறவர்களிடம், "இன்னிக்கும் அதே பேருதானான்னு பாக்கறேன்" என்பாள். சிரித்துக்கொண்டே சொல்வாள், ஆனால் பதில் வரும்வரை மாத்திரை அவள் கையிலேயே இருக்கும்.

மூச்சை எண்ணுவதிலும் அவளுக்கு ஒரு கள்ளத்தனம் உண்டு. "உங்க மூச்சை எண்ணப் போறேன்" என்று சொன்னால், போட்டோ எடுக்கப் போகிறார்கள் என்பது போல மனிதர்கள் நெஞ்சை நிமிர்த்திப் பிரமாதமாக மூச்சு விடுவார்கள். அதனால் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பது போல நின்றுகொண்டு, கண்ணை மட்டும் நெஞ்சின் ஏற்ற இறக்கத்தில் வைத்திருப்பாள். நர்ஸ் வேலை தெரிந்தவர்கள் பலரும் செய்வதுதான். அவள் அவசர நேரத்திலும் அதை விட்டதில்லை.

அவள் கல்யாணமே கண்ணாடியால் நடந்தது. வேலைக்கு வந்து சில வருஷங்களில் மருந்துக் குப்பிகளில் இருக்கும் பொடி எழுத்து மங்கத் தொடங்கியது. வேறு யாராவது வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சமாளித்திருப்பார்கள். அவள் அன்றைக்கே டியூட்டி முடிந்ததும் எதிர்த் தெருக் கண்ணாடிக் கடைக்குப் போய், கையோடு கொண்டுபோன காலிக் குப்பியை மேசையில் வைத்து, "இது தெரியணும். உங்க பலகை எழுத்தெல்லாம் எனக்கு வேண்டாம்" என்றாள். கடைக்காரர் அந்தக் குப்பியைத் தானே படித்துப் பார்க்க முயன்று, முடியாமல், தனக்கும் கண்ணாடி தேவை என்று கண்டுபிடித்தார். கல்யாணமான பிறகு வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "என் கடையில எனக்கே வியாபாரம் பண்ணினவ இவ" என்று அவளை அறிமுகம் செய்வார். சிரிக்காதவர்களுக்கு இன்னொரு முறை சொல்வார். பிள்ளை குட்டி இல்லை. அவர் பேசுகிற பேச்சுக்கு அந்த வீட்டில் இன்னொரு ஆளுக்கு இடமும் இருந்திருக்காது என்று அவள் சொல்வதுண்டு.

அவர் இறந்து மூன்று மாதம் ஆகிறது.

மருந்து வண்டியைத் தள்ளும்போது நர்ஸ்கள் ஒரு சிவப்பு மேலங்கி போட்டுக்கொள்ள வேண்டும். அதைப் போட்டிருப்பவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது, போன் என்றாலும் கூப்பிடக் கூடாது. நடுவில் பேச்சு வந்தால் கை மாறும், கை மாறினால் மாத்திரை மாறும். பல வார்டுகளில் இந்த விதி சுவரில் ஒட்டிய காகிதத்தோடு சரி. அவள் வார்டில் அதை எல்லோரும் மதித்தார்கள், மதிக்காமல் இருக்க அவள் விட்டதில்லை. அவர் இறந்த அன்று மதியம் அவள் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது, தரை துடைக்கும் அம்மாள் வாசலோரம் வந்து நின்றாள். நின்றவள் நகரவே இல்லை. ஈரத் தரையில் யாராவது வழுக்கி விழுந்துவிடுவார்கள் என்று காவலுக்கு நிற்கிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டு, இவள் ஒவ்வொரு கட்டிலாகப் பேர் கேட்டு, மாத்திரை கொடுத்து, விழுங்குகிறார்களா என்று பார்த்து, கடைசிக் கட்டில்வரை போய்த் திரும்பினாள். மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அதற்குப் பிறகுதான் அந்த அம்மாள் கிட்டே வந்து வாயைத் திறந்தாள்.

கடை நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருக்கிறார். மாரடைப்பு. பக்கத்தில் யாரும் இல்லை. ஃப்ரேம் மாற்ற வந்த ஒருவர், கடைக்காரர் கண் அயர்ந்திருக்கிறார் என்று நினைத்து, எழுப்ப மனம் வராமல் வெகுநேரம் ஃப்ரேம்களைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். நல்ல மனிதர்தான், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

அவள் அழவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சிலருக்கு ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கும். நாத்தனார், அவருடைய தங்கை, துணைக்கு என்று கூட வந்து தங்கினாள். "அழுதுடுங்க அண்ணி, உள்ள வெச்சுக்காதீங்க" என்று தினமும் சொல்லிவிட்டு, இவள் பங்குக்கும் சேர்த்து அவளே அழுதாள். உள்ளே என்ன வைத்திருக்கிறோம் என்று இவளும் தேடிப் பார்த்தாள். ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. சாப்பிட்டாள், எதைச் சாப்பிட்டோம் என்று தெரியவில்லை. பஸ்ஸில் ஏறினாள், இறங்கினாள். பல் வலிக்கு மரத்துப்போக ஊசி போட்டால் கன்னம் நம்முடையது இல்லாதது போல இருக்குமே, உடம்பு முழுக்க அவளுக்கு அப்படி இருந்தது. வேதனையாக இல்லை. எதுவாகவும் இல்லை.

லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டாள். வேலைக்கு வந்த முதல் நாள் ஊசியில் மருந்தை ஏற்றும்போது தன் கையைப் பார்த்தாள். துளி நடுக்கம் இல்லை. இது போதும் என்று இருந்தது. வேலையில் எதையும் விடவில்லை, முன்பைவிடச் சுத்தமாகச் செய்தாள். முன்பாவது நோயாளிகளோடு வம்பளந்து சிரிப்பாள், இப்போது அதுவும் இல்லாததால் நேரம் மிச்சமானது. "எப்படித்தான் தாங்கறாங்களோ" என்று மற்ற நர்ஸ்கள் பேசிக்கொண்டார்கள். தாங்க எதுவும் இல்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும். அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள்.

அந்த நாட்களில்தான் டீச்சரும் பெயிண்டரும் வந்து சேர்ந்தார்கள். டீச்சருக்கு வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை. பெயிண்டர் டீச்சரின் புருஷன், வீடுகளுக்கு வண்ணம் அடிக்கிறவர். நகக்கண்ணில் வெள்ளை ஒட்டியிருந்தது. வந்த உடனே சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "ரெண்டாவது கோட் அடிக்கவே இல்ல, அடிச்சதாச் சொல்லி ஏமாத்திட்டாங்க" என்று தீர்ப்புச் சொன்னார். "நீங்க என்னைப் பாக்க வந்தீங்களா, சுவத்தைப் பாக்க வந்தீங்களா?" என்று டீச்சர் கேட்டாள். மனிதர் பயத்தில் இருந்தார். பயம் வந்தால் சிலருக்கு வாய் நிற்காது.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு வலிக்கு டீச்சருக்கு மார்ஃபின் பம்ப் வைப்பதாக ஏற்பாடு. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இயந்திரம் நிற்கும். அதிலிருந்து ஒரு ஒயர் வரும், அதன் முனையில் ஒரு பட்டன். வலித்தால் நோயாளி பட்டனை அழுத்துவார், கொஞ்சம் மருந்து நரம்புக்குள் போகும். உடனே மறுபடி அழுத்தினால் எதுவும் போகாது. இயந்திரம் சற்று நேரம் பூட்டிக்கொள்ளும், பூட்டுத் திறந்ததும் பட்டனில் பச்சை விளக்கு எரியும். ஆனால் உண்மையான பூட்டு இயந்திரத்தில் இல்லை, நோயாளியின் தூக்கத்தில் இருக்கிறது. மருந்து போதுமான அளவு ஏறியதும் கண் சொருகும், கை தளரும், அழுத்த ஆள் இருக்காது. அதனால் அந்தப் பட்டனை நோயாளியைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது, பெற்ற தாயே ஆனாலும். மார்ஃபின் அளவுக்கு மீறினால் மூச்சை மறக்கடித்துவிடும். இதைச் சொந்தக்காரர்களை எதிரே நிறுத்திவைத்துச் சொல்ல வேண்டும். எத்தனையோ வருஷமாக எத்தனையோ பேருக்கு அவள் சொல்லியிருக்கிறாள்.

அறுவைக்கு முந்தின நாள் டீச்சருக்கும் அவள்தான் விளக்கினாள். வழக்கம்போல மறுபடியும் சொல்லச் சொன்னாள். டீச்சர் பாடம் ஒப்பிக்கும் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு பிழை இல்லாமல் ஒப்பித்தாள்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. மறுநாள் மதியம் டியூட்டிக்கு வந்தவள், முதல் சுற்றிலேயே டீச்சர் கட்டிலுக்குப் போனாள். பெயிண்டர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் உதட்டில் விரலை வைத்தார்.

"நல்லாத் தூங்குறா சிஸ்டர். எழுப்பிடாதீங்க. விடியக்காலையில முனகிக்கிட்டே இருந்தா. இப்பப் பாருங்க, குறட்டையே விடறா."

டீச்சர் குறட்டைதான் விட்டுக்கொண்டிருந்தாள். ரத்தத்தில் ஆக்ஸிஜனை அளக்க விரலில் மாட்டியிருந்த கருவி நல்ல அளவைத்தான் காட்டியது. மூக்கில் ஆக்ஸிஜன் ஓடிக்கொண்டிருந்தால், ஆள் மோசமாகிக்கொண்டிருக்கும்போதும் அந்தக் கருவி வெகுநேரம் நல்ல அளவையே காட்டும். அவள் அதைப் பார்த்துவிட்டு, மணிக்கட்டைப் பிடித்தாள். கண்ணை நெஞ்சில் வைத்தாள். நெஞ்சு ஏறி இறங்கியது. அடுத்த மூச்சு வரும் என்று பார்த்தாள். வரவில்லை. இன்னும் பார்த்தாள். வெகுநேரம் கழித்து ஒரு குறட்டையோடு வந்தது.

"வலியே தெரியாமப் பாத்துக்கிட்டேன் சிஸ்டர்" என்றார் பெயிண்டர். குரலில் பெருமை இருந்தது. "பச்சை வெளக்கு வந்தா அழுத்திடுவேன். ஒரு தரம்கூடத் தவற விடல."

பட்டன் அவர் கையில் இருந்தது. கட்டைவிரல் அதன் மேல் இருந்தது.

அவள் பம்பை நிறுத்தினாள். "டீச்சர், கண்ணைத் தொறங்க" என்று தோளை உலுக்கினாள். அசைவில்லை. விரல் முட்டியால் நெஞ்செலும்பில் அழுத்தித் தேய்த்தாள். புருவம் லேசாகச் சுருங்கியது, அவ்வளவுதான். இமையைத் தூக்கிப் பார்த்தாள், கண்ணின் பாவை குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. அவசர மணியை அடித்துவிட்டு, தலையணையை உருவி எறிந்து, தாடையை நிமிர்த்திப் பிடித்தாள். குறட்டை நின்றது, காற்று போகும் சத்தம் கேட்டது. ஓடிவந்த நர்ஸிடம் மார்ஃபினை முறிக்கும் மாற்று மருந்தின் பேரைச் சொன்னாள். முகமூடியை வைத்துப் பையை அழுத்தி மூச்சுக் கொடுத்தாள். டாக்டர் வந்தார். மாற்று மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள், ஒரே மூச்சில் ஏற்றினால் அடக்கிவைத்த வலி முழுவதும் ஒன்றாக எழுந்து ஆளையே தூக்கிப் போட்டுவிடும். டீச்சர் இருமினாள். கண்ணைத் திறந்தாள். "வலிக்குது" என்றாள். அந்த வார்டில் அன்று யாரும் சொன்னதில் நல்ல வார்த்தை அதுதான்.

இவ்வளவு நேரமும் அவள் கை நடுங்கவில்லை. அவளுக்குப் பயமாகவும் இல்லை, நிம்மதியாகவும் இல்லை.

டாக்டர் பெயிண்டரிடம் திரும்பினார். "எவ்வளவு நேரமா அழுத்திக்கிட்டிருந்தீங்க? இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா நீங்களே உங்க பொண்டாட்டியைக் கொன்னிருப்பீங்க."

பெயிண்டர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். பட்டனை அழுத்திய கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மறைத்துக்கொண்டார்.

மாற்று மருந்து சீக்கிரம் வடிந்துவிடும், மார்ஃபின் அத்தனை சீக்கிரம் உடம்பை விட்டுப் போகாது. எழுந்துவிட்டார் என்று நம்பி விட்டுப் போனால், திரும்பவும் கண் சொருகி மூச்சு நின்றுபோகும். அதனால் யாராவது பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவள் உட்கார்ந்தாள். வார்டின் பொறுப்பில் இருந்த பெரிய சிஸ்டர் வந்து, பம்பைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், அவள் தோளில் கை வைத்தார்.

"நல்ல வேளை, நீங்க வந்தீங்க. அந்த ஆளைப் பாருங்க, படிச்சுப் படிச்சுச் சொன்னாலும் கேக்கறதில்ல. நீங்க சொல்லாம விட்டிருப்பீங்களா?"

"சொல்லியிருப்பேன்" என்றாள் அவள்.

பெரிய சிஸ்டர் போன பிறகு அந்தச் சொல் காதிலேயே நின்றது. சொல்லியிருப்பேன். "காலை மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டதற்கு யாராவது "போட்டிருப்பேன்" என்றால் அவள் விட்டதே இல்லை. போட்டீர்களா, போடவில்லையா என்று பிடித்துக்கொள்வாள். இப்போது தனக்குள் திரும்பி, முந்தாநாள் விளக்கிய நேரத்தைத் தேடினாள். கட்டில் ஞாபகம் வந்தது. டீச்சர் ஒப்பித்தது ஞாபகம் வந்தது. பெயிண்டர் எங்கே நின்றார், அவரிடம் என்ன சொன்னோம் என்று பார்த்தால், அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அடுத்த கட்டிலுக்குப் போனதாவது ஞாபகம் இருக்கிறதா என்று பார்த்தாள். அதுவும் இல்லை.

பெயிண்டர் கதவருகில் நின்று உள்ளே வரலாமா என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கையால் கூப்பிட்டாள். வந்தவர் ஸ்டூலில் உட்காரவில்லை.

"முந்தாநாள் நான் உங்ககிட்ட சொன்னேன்ல, நீங்க பட்டனைத் தொடக் கூடாதுன்னு?"

"ஆமாம் சிஸ்டர்" என்றார் அவர் உடனே. "ஆமாம், சொன்னீங்க. நான்தான் முட்டாள்."

கேட்டு முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது, என்ன மாதிரி கேள்வி கேட்டிருக்கிறோம் என்று. இத்தனை வருஷத்தில் யாரிடமும் கேட்காத கேள்வி. அவர் முகத்தைப் பார்த்தாள். ஊசியைப் பார்த்துவிட்டு ஆமாம் ஆமாம் என்கிறவர்களின் முகம். பெண்டாட்டி பிழைத்துக்கொண்டால் போதும், தான் கொலைகாரன் என்றால்கூட அந்த மனிதர் ஆமாம் என்று ஒத்துக்கொள்வார். அவள் அந்த ஆமாமை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். வார்டில் அத்தனை பேரும் அதைத்தான் நம்பினார்கள், அவரும் இப்போது நம்ப ஆரம்பித்துவிட்டார். சாகும்வரை நம்பிக்கொண்டிருப்பார்.

"அப்படி இல்ல. நான் கேட்டது தப்பு" என்றாள். "நான் என்ன சொன்னேன்னு நீங்க சொல்லுங்க. உங்க வார்த்தையில சொல்லுங்க."

பெயிண்டர் விழித்தார். "எனக்கு அன்னிக்கு ஒண்ணும் காதுல ஏறல சிஸ்டர். ஆபரேஷன் பயம். ஆனா நீங்க சொன்னதைச் செய்யணும்னுதான் செஞ்சேன். என்ன சொன்னீங்கன்னு சரியா…"

"எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள் டீச்சர்.

குரல் பலவீனமாக இருந்தாலும் தெளிவாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டே பேசினாள்.

"எனக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் சொன்னீங்க. நானும் திருப்பிச் சொன்னேன். அப்புறம் இவர், 'நான் என்ன செய்யணும் சிஸ்டர்?'னு கேட்டார். நீங்க கொஞ்ச நேரம் பதிலே சொல்லல. இவரையே பாத்துக்கிட்டு நின்னீங்க. எனக்கே என்னமோ மாதிரி இருந்துச்சு. அப்புறம் சொன்னீங்க, 'பக்கத்துலயே இருங்க. எங்கயும் போயிடாதீங்க. வலிக்க விடாதீங்க. அந்த நேரத்துல ஒருத்தர் தனியா இருக்கக் கூடாது'ன்னு. அவ்வளவுதான். அவர்கிட்ட மறுபடியும் சொல்லச் சொல்லல. போயிட்டீங்க."

"அதேதான்" என்றார் பெயிண்டர் மெதுவாக. "அதனாலதான் நான் ராத்திரி முழுக்க இங்கேருந்து எழுந்திருக்கவே இல்ல. டீ குடிக்கக்கூடப் போகல."

அவள் டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்தபடி இருந்தாள். எந்த இடத்தில் ஒரு வாக்கியம் இருந்திருக்க வேண்டுமோ அந்த இடத்தில் இன்னொரு வாக்கியம் இருந்திருக்கிறது. அதைச் சொன்னது அவள் வாய்தான். கை நடுங்கவில்லையா என்று மூன்று மாதமாகக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், வாய் என்ன பேசுகிறது என்று பார்க்கவில்லை.

"நீங்க நான் சொன்னதைத்தான் செஞ்சீங்க" என்றாள் பெயிண்டரிடம். "பட்டனைத் தொடக் கூடாதுன்னு நான் சொல்லவே இல்ல. தப்பு என்னோடது. இதை டாக்டர்கிட்டயும் நானே சொல்றேன்."

"பக்கத்துல இருக்கச் சொன்னது எப்படி சிஸ்டர் தப்பாகும்?"

"அது உங்களுக்குச் சொன்னது இல்ல."

அவர் புரியாமல் பார்த்தார். டீச்சர் கண்ணைத் திறந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் செத்துட்டார்" என்றாள் அவள். "கடையில. யாரும் பக்கத்துல இல்ல. நான் இங்க மாத்திரை குடுத்துக்கிட்டிருந்தேன்."

சாதாரணமாகத்தான் சொன்னாள், பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போல. பெயிண்டர் இவ்வளவு நேரம் பின்னால் மறைத்து வைத்திருந்த கையை வெளியே எடுத்து, ஸ்டூலை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அவள் டீச்சரின் நெஞ்சைப் பார்த்து மூச்சை எண்ணத் தொடங்கினாள். முதல் சில மூச்சுகள் சரியாக வந்தன. பிறகு நெஞ்சு ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியவில்லை. போர்வையின் கோடுகள் கலைந்து ஓடின. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். அப்போதும் தெரியவில்லை. கன்னம் நனைந்திருப்பது கை பட்ட பிறகுதான் தெரிந்தது. உடனே மணியை அடித்தாள்.

பெரிய சிஸ்டர் ஓடி வந்தார். டீச்சரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவளைப் பார்த்து நின்றுவிட்டார்.

"டீச்சர் நல்லாத்தான் இருக்காங்க" என்றாள் அவள். வார்த்தை வார்த்தையாகத்தான் சொல்ல முடிந்தது. "வேற யாரையாவது இங்க உக்கார வைங்க. என்னால எண்ண முடியல."

"சரி, சரி. எழுந்திருங்க. நான் உக்காந்துக்கறேன்."

"அது மட்டும் இல்ல. இவர்கிட்ட நான் சொல்ல வேண்டியதைச் சொல்லல. சொன்னதா நெனச்சுக்கிட்டிருந்தேன். இந்த மூணு மாசமா யார்கிட்ட எதைச் சொன்னேன், எதை விட்டேன்னு எனக்குத் தெரியாது." அவள் வார்டின் கட்டில்களைப் பார்த்தாள். "ஒவ்வொரு கட்டிலாப் போய்க் கேளுங்க சிஸ்டர். சொன்னாங்களான்னு கேக்காதீங்க. என்ன சொன்னாங்கன்னு கேளுங்க. வீட்டுக்குப் போனவங்களுக்குப் போன் பண்ணிக் கேளுங்க."

பெரிய சிஸ்டர் அவள் கையிலிருந்து டீச்சரின் மணிக்கட்டை வாங்கிக்கொண்டார். அவள் எழுந்து நின்றாள். அப்போதுதான் அவள் கை நடுங்கத் தொடங்கியது.